சாவி யார் கையில்?

மரக்காணத்துக்கு நான் போனது உப்பைப் பார்ப்பதற்காக. பார்த்துவிட்டு வந்தது ஒரு பூட்டை.

எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் உப்பளத்துக் குடும்பம் ஒன்று வருகிறது. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்த அத்தியாயங்களை எழுதிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. அந்த மனிதர்கள் தங்கள் வேலையை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், சம்பளம் வாங்கும் நாளில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் பேனா நகர மறுத்தது. அப்போது எனக்குக் கை கொடுத்தது ஓர் இணையதளம். மரக்காணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், முப்பது வருஷ காலமாக உப்பளங்களில் அலைந்து சேர்த்த சொற்களையும், கிழவர் கிழவிகளின் பேச்சையும், புகைப்படங்களையும் அதில் போட்டு வைத்திருந்தார். கல்லூரிகள் செய்ய வேண்டிய காரியத்தைத் தனி மனிதராகச் செய்திருந்தார். நான் அதிலிருந்து எடுத்த சொற்களுக்குக் கணக்கே இல்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போல் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உப்பு வாருவதைப் பற்றிய கட்டுரையின் நடுவிலே, சம்பந்தமே இல்லாமல், ஏதோ வெளிநாட்டுச் சூதாட்டக் கம்பெனியின் விளம்பரம் பல்லை இளித்தது. கோயில் மண்டபத்தில் சீட்டுக் கச்சேரி நடப்பதைப் பார்த்தவனைப் போல் திடுக்கிட்டேன். உடனே ஆசிரியருக்கு எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது: “முடிந்தால் நேரில் வாருங்கள். என் வீட்டுக்குள் என்னால் நுழைய முடியவில்லை.”

பங்குனி மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்ஸில் போனால், மரக்காணம் நெருங்கும்போது சாலையோரத்தில் நிலம் திடீரென்று கண்ணாடியாகிவிடுகிறது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அதற்கப்பால் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே நடந்து வந்த பக்கிங்காம் கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் வந்து களைத்துப்போய் ஓய்கிறது. வெயில் மேலிருந்தும் அடிக்கிறது, கீழிருந்தும் அடிக்கிறது. அந்த இரண்டு வெயிலுக்கும் நடுவில் பெண்கள் வரிசையாக, தலையில் கூடையோடு, வரப்பின்மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். வீட்டுக்குப் போனதும், மோர் கொடுத்துவிட்டு, மேஜைமேல் இருந்த மடிக்கணினியைத் திறந்தார். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே நுழைந்தார்.

“நுழைய முடிகிறதே, ஐயா?” என்றேன்.

“திண்ணை வரைக்கும்தான் விடுகிறது” என்றார் அவர்.

விஷயம் இதுதான். 2016-ல் அவருடைய பழைய மாணவன் ஒருவன், அப்போது பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், விடுமுறைக்கு ஊருக்கு வந்தான். ஆசிரியர் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, “ஐயா, இதெல்லாம் கரையான் தின்றதுக்கா? நான் தளம் ஒன்று கட்டித் தருகிறேன்” என்றான். ஒரு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து கட்டியும் கொடுத்தான். தம்பிடி வாங்கவில்லை. பெயரைப் பதிவு செய்தது அவன். இடம் வாடகைக்கு எடுத்தது அவன். பழைய நோட்டுப் புத்தகங்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றியதும் அவன். ஆசிரியருக்கு ஒரு நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, “இனிமேல் நீங்களே எழுதிப் போடலாம் ஐயா” என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வேலை கிடைத்தது, கடல் கடந்து போனான், கல்யாணம் ஆயிற்று. மாணவர்கள் போகிற வழி அதுதானே!

அந்தத் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டப்பட்டது. 2003-ல் வந்த சாதனம். இன்று உலகத்துத் தளங்களில் பெரும் பங்கு அதன்மேல்தான் நிற்கிறது. அதற்குள்ளே ஒரு வர்ணாசிரம தர்மம் உண்டு. அடிப்படியில் சந்தாதாரர், அதற்கு மேல் பங்களிப்பாளர், அதற்கு மேல் எழுத்தாளர், அதற்கு மேல் பதிப்பாசிரியர், எல்லாருக்கும் மேலே நிர்வாகி. வாட்ஸ்அப் குழுவின் புண்ணியத்தில் இன்று பாட்டிமார்கள்கூட அறிந்திருக்கும் ‘அட்மின்’ என்பவர்தான் அவர். எழுத்தாளர் தாம் எழுதியதைப் போடலாம், திருத்தலாம், அழிக்கலாம். பிறர் போட்டதைத் தொட முடியாது. நிர்வாகிதான் எல்லாவற்றையும் தொடலாம், பழுது பார்க்கலாம், புதியவரைச் சேர்க்கலாம், இருப்பவரை நீக்கலாம்.

ஆசிரியர் அந்தத் தளத்தில் எழுத்தாளர். எழுத்தாளனுக்கு அதிகாரம் கிடையாது என்பது எனக்குப் பழக்கமான சமாசாரம்தான். ஆனால் இவ்வளவு பச்சையாக ஒரு கணினி அதை எழுதி வைத்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்பது வருஷமாக நிர்வாகி எட்டிப் பார்க்காததால் மென்பொருள் புதுப்பிக்கப்படவில்லை. பழைய ஓட்டைக் கூரையில் எலி நுழைவதுபோல் அந்த விளம்பரக்காரன் நுழைந்துவிட்டான். போதாததற்கு, பெயரைப் பதிவு செய்த குத்தகைக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

குத்தகை என்று நான் சொல்லுவது அலங்காரத்துக்காக அல்ல. இணையத்தில் ஒரு பெயரை யாரும் சொந்தமாக வாங்க முடியாது. ‘டாட் காம்’ பெயரென்றால் ஒரு வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரைக்கும் பதிவு செய்யலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் சில நாள் பொறுப்பார்கள். பிறகு முப்பது நாள், அபராதம் கட்டி மீட்டுக்கொள்ள அவகாசம். அதற்கும் வரவில்லையென்றால் ஐந்து நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷத்து உப்புச் சொற்களின் வாசலில் அந்தச் சூதாட்டக்காரனே பலகை மாட்டலாம்.

“நம்ம அளமும் இதே கதைதான்” என்றார் ஆசிரியர். அளம் என்றால் உப்பளம்; பழைய சொல். “மண்ணு மத்திய சர்க்காருடையது. உப்பு ஆணையர் ஆபீஸ் எங்கேயோ ஜெய்ப்பூரில் இருக்கிறது. குத்தகை ஒருத்தர் பேரில் இருக்கும். பாத்தி கட்டினவன் இன்னொருத்தன். வாருகிறவள் வேறொருத்தி. மூணு பேரிடமும் போய் ‘இது யார் அளம்?’ என்று கேளுங்கள். மூணு பேருமே ‘எங்க அளம்’ என்றுதான் சொல்லுவார்கள். காகிதத்தை எடுத்தால்தான் தெரியும்.”

அவருக்குத் தம்மீதே கோபம். ஓர் ஆசிரியர் இப்படி ஏமாளியாக இருக்கலாமா என்று வெட்கம். அவரைத் தேற்றுவதற்காக எனக்குத் தெரிந்த இரண்டு கதைகளைச் சொன்னேன்.

1999 கிறிஸ்துமஸ் சமயம். ஹாட்மெயில் என்ற அஞ்சல் சேவையில் பலரால் நுழைய முடியாமல் போயிற்று. காரணம், அதன் வாசலாக இருந்த ‘பாஸ்போர்ட் டாட் காம்’ என்ற பெயரைப் புதுப்பிக்க மைக்ரோஸாஃப்ட் கம்பெனியே மறந்துவிட்டது! கடைசியில் மைக்கேல் சேனி என்ற அமெரிக்க இளைஞர் தம் கைக்காசு 35 டாலரைக் கட்டி அந்தப் பெயரைக் காப்பாற்றினார். இன்னொரு கதை நம் தேசத்துக்காரரைப் பற்றியது. அவரும் உப்புக் காற்றில் பிறந்தவர். கட்ச் கடற்கரையிலுள்ள மாண்ட்வி ஊர்க்காரர் சன்மய் வேத். 2015 செப்டம்பர் 29-ந் தேதி இரவு அமெரிக்காவில் உட்கார்ந்து பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ‘கூகுள் டாட் காம்’ விற்பனைக்கு இருப்பதாகத் திரை சொல்லிற்று. 12 டாலர். கட்டினார். ஒரு நிமிஷம் போல அந்தப் பெயருக்கு அவரே சொந்தக்காரராக இருந்தார். கூகுள் அவசரமாக அதை ரத்து செய்துவிட்டு, 6,006 டாலர் 13 செண்ட் சன்மானம் கொடுத்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த எண் கூகுள் என்ற ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கும். அவர் அதைத் தருமத்துக்குக் கொடுக்கச் சொன்னதும் தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

ஆசிரியர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

“பெயர் போனால் போகிறது. விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். என் கவலை வேறே” என்றார்.

தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தார். ஒரு கிழவியின் படம். வரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். காமிராவுக்கு மிக அருகில் அவள் பாதங்கள். உப்பு தின்ற பாதங்கள். வெடிப்புகளில் வெள்ளை படிந்து கிடக்கிறது. கீழே அவள் சொன்ன சொற்கள், விளக்கங்கள். அவற்றோடு மழைக்கால முன்பணம் வாங்கிய கதையும், வட்டி கட்ட முடியாமல் போன கதையும். அற்புதமான பக்கம். என் நாவலில் வரும் கிழவிக்குக் கால்கள் கிடைத்ததே இந்தப் படத்திலிருந்துதான்.

“இந்த ஆயாவின் பேத்தி நர்ஸிங் படிக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் போனில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘உங்க பாட்டியா இது? காலைப் பார்’ என்று சிரித்திருக்கிறார்கள். குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆயா என்னைத் தேடி வந்து, ‘வாத்தியாரய்யா, அந்தப் படத்தை எடுத்துடுங்க’ என்றாள். ‘இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் ஆயா’ என்று நானும் வாக்குக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை என்கிறது. ஏற்றியவன் அவன். இரண்டு மாதம் ஆகிறது. ஆயா எதிரே வந்தால் நான் வேறு தெருவில் போகிறேன்.”

எழுபத்திரண்டு வயது மனிதர், வார்த்தை தவறாத மனிதர், ஒரு கிழவிக்குப் பயந்து தெரு மாறுகிறார்!

“மாணவருக்கு எழுதினீர்களா?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். ஊரில் சிலர், “அவன் உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டான், விளம்பரக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு விட்டுக் கொடுத்திருப்பான்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் நம்பவில்லை. ஆனால் எழுதினால், தாம் நம்பிவிட்டதாக அந்தப் பையன் நினைத்துக்கொள்வானோ என்று தயக்கம். இலவசமாகச் செய்து கொடுத்தவனிடம் போய், “அதை என் பெயருக்கு மாற்று” என்று எப்படிக் கேட்பது? நம் மத்தியதர வர்க்கத்தின் பெரிய வியாதி இது. பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு ரசீது கேட்போம். அன்பினால் வந்த பொருளுக்கு ரசீது கேட்டால் அன்பே போய்விடும் என்று பயப்படுவோம்.

“கோர்ட்டுக்குப் போகலாமா?” என்று அவர் கேட்டபோது அதில் பாதி வேடிக்கை இருந்தது. போகலாம்தான். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ம் வருஷம் மே மாதம் சுப்ரீம் கோர்ட், இணையப் பெயரும் வியாபாரச் சின்னத்தைப் போலவே காப்பாற்றத் தக்கது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அது கம்பெனிகளின் சண்டை. குருவும் சிஷ்யனும் போடுகிற சண்டைக்கு அவ்வளவு பெரிய மண்டபம் எதற்கு?

நான் அவருக்குத் தெரியாமல் மனத்துக்குள் ஒரு வில்லனை உருவாக்கிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாவலாசிரியன் புத்தி! அயல்நாட்டில் பெரிய வீடு, கார். பழைய ஆசிரியரின் அழைப்பு வந்தால் போனைத் திருப்பிப் போடுகிற கை. பாத்திரம் நன்றாகத்தான் அமைந்தது.

முதலில் பூட்டை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தோம். இணையத்தில் எந்தப் பெயரையும் ‘ஹூ இஸ்’ என்ற பதிவேட்டில் தேடலாம். முன்பெல்லாம் பதிவு செய்தவரின் பெயரும் விலாசமும் போன் நம்பரும் அதில் அப்பட்டமாக இருக்கும். 2018-ல் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் வந்தபின் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் எந்தக் கம்பெனி மூலம் பதிவாயிற்று, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும். தெரிந்தது. தளத்தின் வாசலில் “கடவுச்சொல் மறந்துவிட்டதா?” என்று ஒரு கேள்வி இருக்குமே, அதை நிர்வாகியின் பெயரில் அழுத்திப் பார்த்தோம். மாற்றுவதற்கான கடிதம் நிர்வாகியின் அஞ்சலுக்குப் போய்விட்டதாகச் சொல்லிற்று. யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம், வற்புறுத்தி, ஆசிரியரை அந்த மாணவருக்குப் போன் போட வைத்தேன். அவர் கை நடுங்கிற்று.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“ஐயா! நல்லா இருக்கீங்களா?” என்ற குரலில் என் வில்லன் அந்த க்ஷணமே செத்துப்போனான்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் மௌனம். பிறகு, “ஐயா, நான் அன்னிக்கே எல்லாத்தையும் உங்ககிட்ட கொடுத்துட்டேன்னுதானே நினைச்சுகிட்டு இருந்தேன்!” என்றார். உடனே தாமே நுழைந்து பார்க்கிறேன் என்று போனை வைத்தவர், அரை மணி கழித்துக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அவராலும் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது. மறந்தவர்களுக்கு வருகிற கடிதம் போன இடமோ, அவர் படித்த கல்லூரி கொடுத்திருந்த அஞ்சல் முகவரி. படிப்பு முடிந்த சில மாதத்தில் கல்லூரி அதை மூடிவிட்டது. இடிந்துபோன வீட்டு விலாசத்துக்கு இத்தனை வருஷமாக எச்சரிக்கைக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

சாவி மாணவரிடம் இருக்கிறது என்று ஆசிரியர் நினைத்திருந்தார். ஆசிரியரிடம் இருக்கிறது என்று மாணவர் நினைத்திருந்தார். சாவி யாரிடமும் இல்லை. வீடு மட்டும் ஒன்பது வருஷமாகத் திறந்த கதவோடு நின்றிருக்கிறது!

பிறகு நடந்த காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன், யாருக்காவது உபயோகப்படலாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று பூட்டுகள் உண்டு. வெளிப்பூட்டு, பெயர். நடுப்பூட்டு, தளம் குடியிருக்கும் வாடகை இடம். உள்பூட்டு, நிர்வாகி பதவி. நாங்கள் உள்பூட்டையே ஆட்டிக்கொண்டிருந்தோம். திறக்க வேண்டியதோ வெளியிலிருந்து. பெயர் போய்விட்டால் உள்ளே நிர்வாகியாக இருந்தும் பயன் இல்லை.

நல்ல வேளையாகப் பெயரும் வாடகையும் ஒரே கம்பெனியில், ஒரே கணக்கில் இருந்தன. மாணவர் அந்தக் கம்பெனிக்குத் தம் அடையாளச் சான்றையும், 2016-ல் அவருடைய அப்பாவின் வங்கி அட்டையிலிருந்து பணம் கட்டிய விவரத்தையும் அனுப்பினார். பதிவில் இருந்த பெயரும் சான்றில் இருந்த பெயரும் ஒத்துப்போயின. ஐந்தாவது நாள் கணக்கின் அஞ்சல் முகவரியை மாற்றிக் கொடுத்தார்கள். முதல் வேலையாகப் பெயரைப் புதுப்பித்தார். பிறகு வாடகை இடத்துக்குள் நுழைந்தார். தளத்தின் வயிற்றில் ஒரு பேரேடு இருக்கிறது. எல்லாப் பயனர்களின் பெயரும் அஞ்சலும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். நிர்வாகியின் பெயருக்கு எதிரே இருந்த கல்லூரி முகவரியை அடித்துவிட்டுத் தம் இன்றைய முகவரியை எழுதினார். மறுபடி “மறந்துவிட்டதா?” என்பதை அழுத்தியதும் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. உள்ளே போய் ஆசிரியரின் பெயரைத் தேடி, எழுத்தாளர் என்பதை நிர்வாகி என்று மாற்றினார். பெயரையும் வாடகையையும் ஆசிரியர் கணக்குக்கு மாற்றும்போது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தனித்தனியே கடிதம் வந்தது: “சம்மதந்தானா?” என்று. இரண்டு பேரும் சம்மதம் சொன்னார்கள். பழைய காலத்துத் தத்தம் கொடுப்பதுபோல் இருந்தது. தண்ணீர் வார்ப்பதுதான் பாக்கி.

இதெல்லாம் நடந்து முடிந்த அன்று நான் மறுபடியும் மரக்காணம் போயிருந்தேன். மாணவர் போனில் இருந்தார்.

“ஐயா, இப்ப என் பேரை நீக்கிடுங்க. அதுதான் முறை” என்றார்.

ஆசிரியர் அவர் பெயருக்கு எதிரே ‘நீக்கு’ என்பதை அழுத்தினார். கணினி உடனே நீக்கிவிடவில்லை. ஒரு கேள்வி கேட்டது: இந்தப் பயனருக்குச் சொந்தமான உள்ளடக்கத்தை என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் அழித்துவிடலாமா, அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா?

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழைய நோட்டுப் புத்தகங்கள் அனைத்தும் மாணவர் பெயரில் ஏறியிருந்தவை. விரல் ஒரு நூல் தவறினால் முப்பது வருஷத்து உழைப்பு அந்தப் பயனரோடு உடன்கட்டை ஏறிவிடும். சாவியைத் திரும்ப வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். முதலில் முழுப் பிரதி ஒன்று எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்திருந்தோம். அப்படியும் பயமாக இருந்தது.

ஆசிரியர் கையை எடுத்துவிட்டார். “வேண்டாம் தம்பி. நீ இரு” என்றார். “நம்ம ஊர் பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டெல்லாம் உனக்குக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? சோழர் காலத்தில் தருமம் எழுதி வைத்தால், பல ஊர்க் கல்வெட்டுகளில் கடைசியில் ‘பன்மாஹேஸ்வர ரக்ஷை’ என்று முடிப்பார்கள். ஒருத்தர் காவலில் விடமாட்டார்கள். பல பேர் காவலில் விடுவார்கள். எனக்கு எழுபத்திரண்டு வயசு. என்னோடு இந்தச் சாவியும் எரிந்துபோகக் கூடாது. நானும் நிர்வாகி, நீயும் நிர்வாகி. பெயர் மட்டும் என் பேரில் இருக்கட்டும்.”

அந்தப் பக்கத்திலிருந்து சிறிது நேரம் பேச்சு வரவில்லை. பிறகு ஏதோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போன் லைன் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆசிரியர் கிழவியின் பக்கத்தைத் திறந்தார். ‘திருத்து’ என்ற சொல் முதன்முறையாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது. படத்தை நீக்கினார். தளத்தின் படக் கிடங்கிலிருந்தும் அழித்தார். தேடுபொறிகள் பழைய நகலைச் சில நாள் காட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கும் விண்ணப்பம் போட்டோம். அப்படியும், 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் அமெரிக்க இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி இருந்தது, அவர்களுக்கும் எழுதினோம். முழு அதிகாரம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அது நம் வீட்டு வேலி வரைக்கும்தான். காற்றில் போன உப்புக்கு வேலி கிடையாது.

வெயில் தாழ்ந்ததும், “வாருங்கள், ஆயாவிடம் சொல்லிவிட்டு வரலாம்” என்று எழுந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தத் தெரு வழியாகவே போனார்.

கிழவி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் தம் போனில் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார். “பாரு ஆயா, எடுத்தாச்சு.” அவளுக்கு எழுத்து தெரியாது. படம் இருந்த இடத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நான் சொன்ன பேச்செல்லாம்?” என்றாள்.

“அது இருக்கு. அதையும் எடுத்துடணுமா?”

கிழவி யோசித்தாள். “உப்புப் பேச்சு இருக்கட்டும். நாளைக்கு எவனாவது கேட்டா தெரியணுமில்ல? கடன் பேச்சை எடுத்துடுங்க. அது எங்க ஊட்டு சமாசாரம்.”

அங்கேயே, அந்த வாசலிலேயே நின்றுகொண்டு ஆசிரியர் கடன் கதையை நீக்கினார். கிழவி கேட்க, எஞ்சியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் அவள் நிறுத்தி, “அப்பிடிச் சொல்லமாட்டோம், வாத்தியாரய்யா” என்று திருத்தம்கூடச் சொன்னாள். ஒன்பது வருஷமாகத் தப்பாக இருந்த சொல் அது. அந்தத் தப்பு என் நாவலிலும் ஏறியிருக்கிறது.

திரும்பி வரும்போது வரப்பின்மேல் நடந்தோம். ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பஸ் நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்தபோது சொன்னார்:

“அந்தப் பையன் நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். ஆனால் ‘யார் பேரில் போடட்டும் ஐயா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இந்த இரண்டு மாதமும் மனசுக்குள் அவன்மேல் வருத்தம் இருந்தது. இன்றைக்குத்தான் தெரிகிறது. நானும் நல்ல எண்ணத்தோடுதான் ஆயாவைப் படம் எடுத்தேன். நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.”

எனக்குப் பதில் தோன்றவில்லை. என் நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு கிழவி வரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு உப்பு தின்ற கால்களும், கட்ட முடியாமல் போன வட்டியும் இருக்கின்றன. அது யாருடைய கால், யாருடைய வட்டி என்று நானும் கேட்டதில்லை.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. “ஐயா, இன்னொரு தடவை ஆயா வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா?” என்று கேட்டேன்.